வெள்ளப் படத்திலிருந்து நான் வெட்டிய இரண்டு விரல் காகிதம்

போன மாதம் மா தீரி என் கைப்பேசிக்கு ஒரு படம் அனுப்பினாள். நான் பதினாறு வருடம் உட்கார்ந்திருந்த மேசையில் இப்போது உட்கார்ந்து பழைய தாள்களைப் பழுது பார்க்கிற பெண் அவள். நூலகத்தில் உள்ள பழைய அச்சுப் படங்களை எல்லாம் கணினியில் ஏற்றுகிறார்கள். அதற்காகப் பதிவேட்டைப் புரட்டியபோது ஒரு பக்கத்தில் அவள் கண் நின்றுவிட்டது. எங்கள் மேலதிகாரியாக இருந்த டோ நூ நூவின் கையெழுத்தில், பர்மிய மொழியில், இப்படி இருந்தது: "அடிப்பகுதி கத்தியால் வெட்டப்பட்டது. வெட்டியவர்: கோ மணி."

"ஊ மணி, இது நீங்கதானா? இல்ல, அப்ப வேற ஒரு மணி இருந்தாரா?" என்று கேட்டிருந்தாள்.

நான்தான் என்று பதில் போட்டேன். வயது ஏறினால் பர்மாவில் பேருக்கு முன்னால் 'கோ' போய் 'ஊ' வரும்.

"தாளோட ஓரத்துல நகம்கூடப் படக் கூடாதுன்னு எங்கள மிரட்டினவரா!" என்று எழுதி, பின்னாலேயே கண்ணை உருட்டும் பொம்மை முகங்கள் நாலைந்து அனுப்பினாள்.

நாலு பேர் முன்னால் நின்று பேச எனக்கு வராது. படிப்பும் நாலாம் வகுப்போடு சரி. எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை என்பதால் எழுதுகிறேன்.

நான் பிறந்தது பர்மாவில், ஆற்றங்கரையோரம் இருக்கிற க்யிம்யிண்டைங்கில். அப்பா படகுத்துறையில் மூட்டை தூக்கினார். பதின்மூன்று வயதில் என்னை நகரத்துக்குள், லத்தா பேட்டையில் ஒரு கண்ணாடிச் சட்டக் கடையில் சேர்த்துவிட்டார். இருபத்தைந்து வருடம் அங்கேதான் இருந்தேன். பெரும்பாலும் சாமி படங்கள். வருடம் முடிந்து நாள்காட்டி பழசானதும் முருகன், லட்சுமி, புத்தர், மாதா எல்லாரும் சுருள் சுருளாகக் கடைக்கு வந்துவிடுவார்கள். படத்தின் அடியில் அரிசி ஆலை, நகைக்கடை என்று ஏதாவது ஒரு பேர் அச்சாகியிருக்கும். சாமி காலடியில் கடைப் பேர் இருக்கலாமா? அதை வெட்டி எடுத்துவிட்டுத்தான் கண்ணாடிக்குள் ஏற்றுவோம். வாடிக்கையாளர் சொல்ல வேண்டியதே இல்லை, அது தொழில் மரியாதை. கத்தியை ஒரு இழுப்பு இழுத்தால் துண்டு தரையில் விழும். சாயங்காலம் கூட்டி அள்ளுவோம்.

கண்ணாடி வாங்க வந்த டோ நூ நூ, நான் அளவுகோல் வைக்காமல் அட்டை வெட்டுவதைப் பார்த்துவிட்டு நூலக வேலைக்குக் கூப்பிட்டார். கத்தோலிக்க மிஷன் ஒன்றின் பழைய நூலகம் அது. கோயில் வளாகத்துக்குள்ளேயே, பின்பக்கம் இருந்தது. அவர் பர்மியப் பெண், புத்த மதத்தவர், வெளிநாட்டில் போய் இந்த வேலையைப் படித்து வந்தவர். என்னைவிட ஐந்து வயது சின்னவர். பர்மாவில் மரியாதைக்கு எப்படிக் கூப்பிடுவோமோ அப்படி எல்லாரும் அவரை "சயாமா" என்றுதான் கூப்பிடுவோம்.

சயாமா சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ஆனால் கடை முதலாளியின் வசவைவிட அவருடைய பேனாவுக்கு அதிகம் பயந்தேன். ஒரு தாள் மேசைக்கு வந்தால் ஒரு மணி நேரம் தொடக் கூடாது. பார்க்க வேண்டும். பார்த்ததைச் சொல்ல வேண்டும். அவர் எழுதுவார்.

"நல்லா இருக்கு, கெட்டுப்போச்சு, அதெல்லாம் வேண்டாம் கோ மணி. என்ன இருக்கோ அதைச் சொல்லுங்க."

சொல்ல வாய் வராமல் நான் நிற்பேன். அவர் பேனாவைத் தாளுக்கு ஒரு விரல் மேலே தூக்கிப் பிடித்தபடி காத்திருப்பார்.

அப்படித்தான் வெள்ளப் படங்களைப் பார்க்கக் கற்றேன். முந்நூறு வருடத்துக்கு மேல் பழசு. செப்புத் தகட்டில் கோடு கோடாகச் செதுக்கி, மை தடவி, தாளை அழுத்தி எடுத்தவை. எப்போதோ ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் பெட்டியில் கொண்டுவந்தவை. அதில் ஆறு படம் நோவா காலத்து வெள்ளம். நான் இந்து, கதை எனக்குப் பாதிதான் தெரியும். நல்லவர் ஒருவர் பேழை கட்டிக் குடும்பத்தோடும் மிருகங்களோடும் தப்பித்தார் என்பது தெரியும். படத்தில் பேழை நடுவில் பெரிதாக இருக்கும் என்று நினைத்தேன். ஆறு படத்திலும் பேழை தூரத்தில், சன்னல் இல்லாத சரக்குக் கிட்டங்கி மாதிரி, கட்டை விரல் அளவு. முன்னால் முழுக்க முழுக்க முழுகுகிறவர்கள்தான்.

சொன்னேன், அவர் எழுதினார். பாறை மேல் பதினெட்டுப் பேர். ஒருவன் கிழத் தகப்பனை முதுகில் சுமக்கிறான். ஒருவன் மரத்தைப் பிடித்துக்கொண்டு, கீழிருந்து ஏறுகிறவனைக் காலால் உதைக்கிறான். ஒரு பெண் இடுப்பளவு தண்ணீரில் நின்று குழந்தையை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருக்கிறாள். ஒருவர் உடம்பிலும் துணி இல்லை. "துணி இல்லாததால முதலாளி யாரு கூலி யாருன்னு தெரியல" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். பேனா நின்றது. பயந்துபோனேன். சயாமா அதையும் எழுதிக்கொண்டார்.

அன்றைக்குத்தான் அவர் கொஞ்சம் பேசினார். இந்தப் படங்கள் வந்த நாட்டில் பல ஊர்கள் கடல் மட்டத்துக்குக் கீழே இருந்தனவாம். கரை உடைந்தால் ஊருக்குள் கடல் வரும். போரும் கொள்ளை நோயும் வேறு. நோவா கதை அவர்களுக்குப் பழைய கதையாக இருக்கவில்லை. எண்ணெய் வண்ணப் படம் வாங்க முடியாத வீட்டிலும் இந்த அச்சுப் படம் சுவரில் தொங்கும்.

"நம்ம நாள்காட்டி மாதிரியா சயாமா?"

"அதே மாதிரிதான்" என்று சிரித்தார்.

நான் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டேன். அதுதான் என்னைக் கெடுத்தது.

நர்கீஸ் புயல் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. கடலோர டெல்டா ஊர்களுக்குப் பிழைக்கப் போன எங்கள் தமிழ் ஆட்கள் பல குடும்பம் அதில் செத்துப்போனார்கள். இரண்டாம் வருட நினைவுப் பூசைக்கு வெள்ளப் படங்களில் மூன்றாவதை, அந்தத் தாயும் குழந்தையும் உள்ள படத்தை, கோயிலில் மாட்ட வேண்டும் என்று கோயில் கமிட்டி கேட்டது. ஒரு மாதத்துக்கு என்று சயாமா சம்மதித்தார். அந்த வாரமே அவர் அம்மாவுக்கு முடியாமல் போய் மண்டலைக்குப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கமிட்டிச் செயலாளர் அந்தோணி மாஸ்டர் சட்டத்தோடு வந்தார். அருமையான தேக்கு. அடியில் பித்தளைத் தகட்டில், கொடுத்தவருடைய பேர்.

"என்ன மணி, ஒருத்தன் ஒடம்புலயும் துணியக் காணோம். இத மாட்டுனா பொம்பளைங்க என்னயக் கோயிலுக்குள்ள விடுவாங்களா?"

"வெள்ளத்துல துணி நிக்காதுங்க மாஸ்டர்."

"அட, பேசாத ஆளு பேசிட்டான்யா! சரி சரி, ஏத்து. ஞாயித்துக்கிழம காலைல பூசை."

படத்தைச் சட்டத்தில் வைத்துப் பார்த்தேன். அகலம் சரி. உயரத்தில் இரண்டு விரல் போதவில்லை. படத்துக்குக் கீழே நாலு வரி எழுத்தும், இரண்டு மூலையிலும் சின்னதாக ஏதோ எழுத்தும் இருந்தன. மாஸ்டர் அதை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் அளந்திருக்கிறார்.

"எழுத்துக்கு எதுக்குய்யா சட்டம்? இங்கிலீசும் இல்ல, என்ன எழவோ. லத்தாவுல ரெண்டு நிமிசத்துல சாமிய ஏத்துற கைன்னு சொன்னாங்க. பொய்யா?"

அவர் பேச்சு மேல் பழி போட மாட்டேன். சயாமா வரட்டும் என்று சொல்ல எனக்கு நாக்கு இருந்தது. மடித்து உள்ளே விட்டிருக்கலாம், ஆனால் மடித்தால் கண்ணாடிக்குள் தாள் குமிழ் விடும் என்று கடைப் பழக்கம் சொன்னது. நாள்காட்டி மாதிரி என்று சயாமாவே சொன்னாரே என்றும் மனசு சொன்னது. கத்தியை ஒரு இழுப்பு இழுத்தேன்.

துண்டு மேசையில் விழுந்ததும் பார்த்தேன். அதன் அடியோரத்தில் ஒரு பள்ளக்கோடு இருந்தது. தகட்டை அழுத்தினால் தாளில் விழுகிற தடம் அது. படத்தைச் சுற்றிலும் மூன்று பக்கம் இருந்த அதே தடத்தின் நாலாவது பக்கம். அப்படியென்றால் அது எந்தக் கடைப் பேரும் இல்லை. படமும் எழுத்தும் ஒரே தகடு, ஒரே உடம்பு. மாஸ்டர் "பாத்தியா, கச்சிதம்!" என்று முதுகில் தட்டினார்.

துண்டை மை ஒற்றும் தாளுக்கு நடுவில் வைத்து என் மேசை இழுப்பறையில் பூட்டினேன்.

பூசைக்குப் போய்ப் பின்வரிசையில் நின்றேன். எல்லாரும் போன பிறகும் ஒரு பெண் படத்தின் முன்னால் நின்றிருந்தார். செசிலி அக்கா. கோயில் துணிகளைத் துவைத்துத் தருகிறவர். புயலில் புருஷனையும் இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்தவர் என்று எல்லாருக்கும் தெரியும். அவர் வாயால் சொல்லி யாரும் கேட்டதில்லை.

"தம்பி, இத மாட்டுனது நீங்களா?"

"ஆமாக்கா."

"இவ கையப் பாருங்க. ரெண்டையும் மேல தூக்கிட்டா. அப்பறம் எதையும் புடிச்சுக்க முடியாது." தன் வெறுங்கையைப் பார்த்தபடி, "நான் ஒரு கையால தென்னையப் புடிச்சுக்கிட்டேன்" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அவர் படத்தின் முன்னால் பத்து நிமிடம் நின்றார். மாதம் முடிந்ததும் இன்னும் ஒரு மாதம் வேண்டும் என்று கமிட்டியிடமிருந்து கடிதம் வந்தது. மண்டலையிலிருந்து திரும்பியிருந்த சயாமா படத்தைப் போய்ப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். பிறகு இன்னொரு கடிதம். காலையில் வந்ததும் முதல் வேலையாக இழுப்பறையைத் திறந்து துண்டு இருக்கிறதா என்று பார்ப்பேன். சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைப்பேன். சயாமா "என்ன கோ மணி?" என்றால், "பசை தீர்ந்துடுச்சு சயாமா" என்பேன். அந்த மழைக்காலத்தில் ஏழெட்டுத் தடவை பசை தீர்ந்தது.

மழை வலுத்துக் கோயில் சுவர் ஈரம் ஊறியதும், படத்தில் பூஞ்சை ஏறியிருக்குமோ என்று சயாமா தானே பார்க்க வந்தார். வழக்கம் போல உட்கார்ந்து பார்த்தார். நான் பக்கத்தில் நின்றேன். ரொம்ப நேரம் கழித்து, திரும்பாமலே கேட்டார்.

"கோ மணி, கீழே என்ன இருந்தது?"

"என் மேசைல இருக்கு சயாமா."

அறைக்குத் திரும்பினோம். அவர் பதிவேட்டை எடுத்தார், பேனாவைத் தூக்கினார். வேறெந்தச் சேதத்தையும் போலவே என்னிடம் கேட்டார். எவ்வளவு நீளம்? எந்தக் கருவி? வெட்டு நேரா, கோணலா? ஓரத்தில் நார் பிரிந்திருக்கிறதா? நான் சொல்லச் சொல்ல எழுதினார். கடைசியாக, "யார்?" என்றார்.

"நான்."

பேனா இறங்கியது. நாங்கள் பேசியது அவ்வளவுதான். வேலை போகும் என்று காத்திருந்தேன், போகவில்லை. ஏன் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

ஆனால் பெரிய பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. அந்தத் துண்டில் இருந்தது லத்தீன் எழுத்து. குருமடத்தில் இருந்த வயதான சாமியார் ஒருவர் படித்து அர்த்தம் எழுதிக் கொடுத்தார். சயாமா எனக்குப் பர்மியத்தில் சொன்னார். முழுகியவர்கள் பாவிகள், எச்சரித்தபோது சிரித்தவர்கள், அவர்களுக்குத் தகுந்ததுதான் கிடைத்தது, அழுகிற தாய்மார்கள் காலம் கடந்து அழுகிறார்கள். இதுதான் நாலு வரியின் சாரம்.

"துண்டைச் சேர்த்து ஒட்டுவோம். அர்த்தத்தை ஒரு அட்டையில் எழுதிப் பக்கத்தில் மாட்டலாம். பர்மியத்தில் நான் எழுதறேன். தமிழ்ல நீங்க எழுதுங்க."

எனக்குக் கண் முன்னால் நின்றது செசிலி அக்கா ஒருவர்தான். மூன்று மாதமாக அந்தத் தாயின் கையைப் பார்த்து ஆறுதலாக நிற்கிறார். அவருக்கு அந்த வரிகளை என் கையால் எழுதிக் காட்ட வேண்டும். என் வாழ்க்கையில் மேலதிகாரியை எதிர்த்து நான் பேசியது அன்று ஒரு தடவைதான்.

"ஒட்டாம விட்டுடலாம் சயாமா. இல்லாமலே படம் நல்லாத்தான் இருக்கு."

"அந்த வரி எனக்கும் பிடிக்கலை. பிடிக்காததை வெட்டறது நம்ம வேலை இல்லை. இன்னைக்கு நீங்க எழுத்தை வெட்டினா, நாளைக்கு இன்னொருத்தர் துணி இல்லைன்னு அந்த ஆளுங்களை வெட்டுவார்."

அந்தோணி மாஸ்டர் ஞாபகம் வந்தது. ஒட்டுவதற்குத் துண்டை எடுத்து வைத்தேன்.

இனி வேலையைச் சொல்கிறேன், மா தீரிக்கு உபயோகப்படும். மூன்று மாதம் ஈரச் சுவரில் தொங்கிய தாள் நீண்டிருந்தது. இழுப்பறையில் கிடந்த துண்டு நீளவில்லை. இரண்டையும் வைத்துப் பார்த்தால் ஒரு அரிசி நீளம் வித்தியாசம். அப்படியே ஒட்டினால் காய்ந்ததும் சுருக்கி இழுக்கும். அதனால் இரண்டையும் தண்ணீரில் நனைத்து ஒரே நிலைக்குக் கொண்டுவர வேண்டும். பஞ்சை நனைத்து மையின் மேல் ஒரு புள்ளி ஒற்றிப் பார்த்தோம், கரையவில்லை. தண்ணீரைக் காய்ச்சி, ஆறவைத்து, வடிகட்டி, பெரிய தட்டில் ஊற்றிப் படத்தை மெல்ல இறக்கினோம். துண்டு பக்கத்துச் சின்னத் தட்டில். கொஞ்ச நேரத்தில் பழைய அழுக்கு தேயிலைச் சாயம் போல இறங்கிற்று. தண்ணீரை மூன்று தரம் மாற்றினோம். அடுத்து, ஷான் மலைப்பக்கம் கையால் செய்கிற நார்க் காகிதத்தை வெட்டாமல் ஈரம் தொட்டுக் கையால் கிழித்து, பின்பக்கம் ஒட்டப் பட்டை எடுக்க வேண்டும். கிழித்தால்தான் நார் வெளியே வரும், நார்தான் பிடிக்கும். கோதுமைப் பசையை மோர் பதத்துக்குக் கரைத்துத் துணியில் வடித்து வைத்தேன்.

இரண்டாம் தண்ணீர் மாற்றியபோது சயாமா பசை அடுப்பைப் பார்க்க உள்ளே போனார். அப்போதுதான் வாசலில் குரல் கேட்டது.

"சுவத்துல படத்தக் காணோமே தம்பி, எங்க..."

செசிலி அக்கா உள்ளே வந்துவிட்டார். தட்டைப் பார்த்தார். இரண்டு விரல் தண்ணீருக்கு அடியில் பாறை, மரம், அந்தத் தாய், தூக்கிய குழந்தை.

"ஐயோ! தண்ணியிலயா போட்டீங்க?"

"ஒண்ணும் ஆகாதுக்கா! அழுக்கு போறதுக்குத்தான். மை கரையாது, பாத்துட்டுத்தான் போட்டோம். எடுத்துருவேன், சாயங்காலமே எடுத்துருவேன்." நான் அவ்வளவு வேகமாக யாரிடமும் பேசியதில்லை.

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு மெல்லக் கிட்டே வந்து, சின்னத் தட்டைக் காட்டினார்.

"இது என்னது?"

பொய் சொல்ல எல்லா வசதியும் இருந்தது. எனக்கு லத்தீன் தெரியாது என்றால் அது உண்மையும்கூட. ஆனால் அட்டை எழுதி மாட்டப் போகிறவன் நான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் தனியாக நின்று படிப்பதைவிட இங்கே கேட்பது மேல் என்று தோன்றியது.

"படத்துக்குக் கீழ இருந்ததுக்கா. நான்தான் தப்பா வெட்டிட்டேன்."

"என்ன எழுதியிருக்கு?"

சொன்னேன். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். தாய்மார் வரியை மட்டும் அவசரமாகச் சொல்லி முடித்தேன். இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

அவர் அழவில்லை. பெரிய தட்டையும் சின்னத் தட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"படத்த வரைஞ்சவரும் இத எழுதினவரும் ஒரே ஆளா?"

"இல்லக்கா. வரைஞ்சவர் பேர் இந்த மூலைல இருக்கு. தகட்டுல செதுக்குனவர் பேர் அந்த மூலைல."

"இத எழுதினவர் பேரு?"

"போடல."

"ம்." சேலை முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டார். அவர் கையில் ஈரம் இல்லை. "வரைஞ்சவரு தண்ணியப் பாத்திருக்காரு தம்பி. கையி இப்படித்தான் இருக்கும். எழுதினவரு பாக்கல. பேரு போடவும் தைரியம் வரல."

உள்ளே இருந்து வந்த சயாமா கதவருகே நின்றுவிட்டிருந்தார். அக்கா சொன்னது என்ன என்று பிறகு கேட்டார். பர்மியத்தில் சொன்னேன். பதிவேட்டில் எழுதவில்லை, ஆனால் அன்று சாயங்காலம் இரண்டு ஓரத்தையும் நான் சேர்க்கும்போது அவரே தாளைப் பிடித்துக்கொண்டார். மூலையில் இருந்த பேர் படத்தின் அடியில் பழையபடி வந்து உட்கார்ந்தது. காய ஒன்பது நாள் ஆயிற்று.

படம் புதுச் சட்டத்தில், முழுசாக, மறுபடி கோயிலுக்குப் போயிற்று. அட்டையை எழுதினேன். நாலு வரியின் அர்த்தம், கீழே வரைந்தவர் பேர், செதுக்கியவர் பேர். அந்தோணி மாஸ்டர் படித்துவிட்டு, "இதெல்லாம் வேணுமாய்யா?" என்று கிசுகிசுத்தார். "இருக்கட்டும் மாஸ்டர், யாரு சொன்னான்னு தெரியணுமில்ல?" என்று செசிலி அக்கா பின்னாலிருந்து சொன்னார். மாஸ்டர் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

அக்டோபர் கடைசியில் அக்கா ஒரு துண்டுச் சீட்டோடு நூலகத்துக்கு வந்தார். கல்லறைத் திருநாளுக்கு இறந்தவர்கள் பேரை எழுதிக் கொடுத்தால் ஃபாதர் பூசையில் வாசிப்பார்.

"இதுல அந்தப் பேர எழுதிக் குடுங்க தம்பி. வரைஞ்சவரு பேரு. எனக்கு வாயில நுழையல."

சீட்டில் ஏற்கெனவே மூன்று பேர் எழுதியிருந்தது. நாலாவதாக எழுதினேன். சயாமா பர்மிய எழுத்தில் எழுதிக் காட்டியதைத் தமிழில் கூட்டி எழுதினேன், சரியோ தப்போ.

அன்றைக்கும் பின்வரிசையில் நின்றேன். ஃபாதர் ஒவ்வொரு குடும்பமாக வாசித்துக்கொண்டே வந்தார். செசிலி அக்கா புருஷன் பேர், மகன் பேர், மகள் பேர். அடுத்த பேரில் தடுக்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, எழுத்துக் கூட்டி ஒருவழியாக வாசித்தார். கூட்டத்தில் இரண்டொருவர் திரும்பிப் பார்த்தார்கள்.

"இது யார் வீட்டுல?" என்று ஃபாதர் சீட்டைத் தூக்கிக் காட்டினார்.

செசிலி அக்கா எழுந்து நின்றார்.

"எங்க வீட்டுலதான் ஃபாதர்."